மூன்று தீவுகளும் ஒரு முதியவரும்



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் எல்லைத் தகராறு. இரண்டு அண்டை நாடுகள் ஒரு துண்டு நிலத்துக்காகப் படை திரட்டி எதிரெதிரே நிற்கின்றன. அப்போது மூன்றாவது ஒருவர் நடுவில் போய் நின்று என்ன செய்ய முடியும்? அவரிடம் படை இல்லை, பணம் இல்லை, ஆணையிடும் அதிகாரம் இல்லை. அப்படிப்பட்ட ஒருவரால் போரை நிறுத்த முடியுமா? முடிந்திருக்கிறது. எங்கே, எப்படி என்பதைத்தான் நாம் இன்று பார்க்கப்போகிறோம்.

உங்களை வெகுதூரம் அழைத்துப் போகிறேன். தென்னமெரிக்கக் கண்டத்தின் கடைக்கோடிக்கு. வரைபடத்தில் பாருங்கள், அந்தக் கண்டம் தெற்கே போகப் போக மெலிந்து, கடைசியில் தீவுகளாகச் சிதறிக் கடலில் இறங்குகிறது. அந்தப் பகுதிக்கு டியர்ரா டெல் ஃபியூகோ என்று பெயர். நெருப்பு நிலம் என்று பொருள். அங்கே வாழ்ந்த மக்கள் கரையில் மூட்டிய தீயைக் கப்பலிலிருந்து பார்த்த ஐரோப்பிய மாலுமிகள் வைத்த பெயர் அது. அந்தத் தீவுக்கூட்டத்தின் நடுவே கிழக்கு மேற்காக ஒரு குறுகிய நீரிணை ஓடுகிறது. டார்வினை ஏற்றிச் சென்ற ‘பீகிள்’ கப்பலின் பெயரே அதற்கும் பெயர். வடகரையில் உஷுவாயா, அது அர்ஜென்டினா. தென்கரையில் நவரீனோ தீவு, அதில் புவெர்ட்டோ வில்லியம்ஸ், அது சிலி. நீரிணை கிழக்கே திறக்கும் வாயில் மூன்று சிறிய தீவுகள். பிக்டன், லென்னாக்ஸ், நுவேவா. இந்த மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதைக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நீரிணையில் யாகான் என்ற மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தார்கள். மரப்பட்டையில் தோணி செய்து, அந்தத் தோணிக்குள்ளேயே தீ அணையாமல் காத்துக்கொண்டு, தீவு தீவாகப் போனார்கள். வந்தேறிகளும் நோய்களும் அவர்களை ஏறக்குறைய அழித்துவிட்டன. யாகான் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் கிறிஸ்டினா கால்டெரோன் என்ற மூதாட்டி. அவர் 2022-ல் காலமானார். தீவுகள் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு அரசுகள் நூறு ஆண்டு வழக்காடின. அந்த வழக்கில் யாகான்களை ஒரு கட்சியாக எந்த அவையும் அழைக்கவில்லை. சமரசத்தின் பெருமையைப் பேச வந்த நான் இந்தக் குறையை மறைத்துவிட்டுப் பேச விரும்பவில்லை.

சரி, தகராறு எங்கே தொடங்கியது?

1881-ல் சிலியும் அர்ஜென்டினாவும் ஓர் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டன. ஆண்டீஸ் மலையின் உயர்ந்த சிகரங்களை ஒட்டி, நீர் பிரியும் வழியே எல்லைக்கோடு போகும். தெற்கே, பீகிள் நீரிணைக்குத் தெற்கில் உள்ள தீவுகள் சிலிக்கு. அட்லாண்டிக்கில் உள்ள தீவுகள் அர்ஜென்டினாவுக்கு. எழுதும்போது தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் நீரிணை கிழக்கே எங்கே முடிகிறது? அந்த மூன்று தீவுகளின் வடக்கே போய் முடிகிறதா? இல்லை, அவற்றுக்கு முன்பே தெற்கே திரும்பிவிடுகிறதா? வடக்கே போகிறது என்றால் தீவுகள் சிலிக்கு. தெற்கே திரும்புகிறது என்றால் அர்ஜென்டினாவுக்கு. நம் ஊரில் பத்திரத்தில் ‘வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று எழுதியிருப்பார்கள். வாய்க்கால் எது என்பதில்தான் மூன்று தலைமுறை வழக்கு நடக்கும். இங்கே வாய்க்காலுக்குப் பதில் கடல்.

இந்த இரண்டு நாடுகளும் எப்படிப்பட்டவை? ஒரே மொழி பேசுகின்றன. ஒரே மதம். ஒரே ஸ்பானியப் பேரரசிலிருந்து விடுபட்டவை. அர்ஜென்டினாவின் சான் மார்ட்டின் ஆண்டீஸைக் கடந்து படை நடத்திப் போய்ச் சிலியின் விடுதலைக்குப் போராடியவர். பங்காளிகள் என்று நாம் சொல்கிறோமே, அப்படி. பங்காளிச் சண்டையின் கசப்பு அந்நியர் சண்டையில் இருப்பதில்லை என்பது இந்த அவையில் இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த இடத்தில் எனக்குக் கோவூர்கிழார் நினைவுக்கு வருகிறார். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான். கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே நெடுங்கிள்ளி. இருவரும் சோழர்கள். நடுவில் போய் நின்ற அந்தப் புலவர், யார் பக்கம் நியாயம் என்று பேசவில்லை. இருவர் கழுத்திலும் கிடப்பது ஒரே ஆத்திமாலைதான் என்பதைக் காட்டினார். எவ்வளவு பெரிய செயல்! ஆனால் அதே நெடுங்கிள்ளியை ‘காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி’ என்றும் சொல்கிறோம். பின்னால் அவன் காரியாற்றில் இறந்துபட்டான் என்பது அவன் பெயரிலேயே நிற்கிறது. நல்ல சொல் ஒரு நாள் போரை நிறுத்தலாம். அந்த ஒரு நாளுக்குப் பிறகு என்ன? இன்றைய பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

பீகிளுக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது இரண்டு நாடுகளும் போட்டி போட்டுப் போர்க்கப்பல் கட்டிக்கொண்டிருந்தன. 1902-ல் நின்று யோசித்தார்கள். கடற்படையைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்தார்கள். கட்டிக்கொண்டிருந்த கப்பல்களைப் பிற நாடுகளுக்கு விற்றார்கள். இனி தகராறு வந்தால் பிரிட்டிஷ் மன்னரை நடுவராக ஏற்போம் என்று எழுதிக்கொண்டார்கள். 1904-ல் எல்லையில், ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயில், ஒரு கிறிஸ்து சிலையை நிறுத்தினார்கள். பழைய பீரங்கிகளை உருக்கி வார்த்த வெண்கலச் சிலை. இன்றும் நிற்கிறது.

சிலை நின்றது, தகராறும் நின்றதா? 1958-ல் நடந்ததைக் கேளுங்கள். பீகிள் நீரிணையில் ஸ்னைப் என்று ஒரு திட்டு. மனிதர் வாழாத பாறை. அதில் சிலி ஒரு கலங்கரை விளக்கு வைத்தது. அர்ஜென்டினக் கடற்படை அதை அகற்றிவிட்டுத் தன் விளக்கை வைத்தது. சிலி அதை எடுத்துவிட்டு மீண்டும் தன்னுடையதை வைத்தது. அர்ஜென்டினாவின் போர்க்கப்பல் பீரங்கியால் சுட்டது, வீரர்களை இறக்கியது. ஒரு விளக்குக் கம்பத்துக்காக இரண்டு நாடுகள் போரின் விளிம்புக்குப் போய் வந்தன. வரப்பில் நட்ட எல்லைக்கல்லை இரவோடு இரவாகப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நடுவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? கல் பெரிதாகும்போது அதைப் பிடுங்கும் கையும் பெரிதாகிறது.

1971-ல் நல்ல புத்தி வந்தது. சிலி அதிபர் அலெண்டேயும் அர்ஜென்டின அதிபர் லனூசும் வழக்கை நடுவர் தீர்ப்புக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். பழைய ஒப்பந்தப்படி நடுவர் பிரிட்டிஷ் அரசி. ஆனால் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே மால்வினாஸ் தீவுகளைப் பற்றி வேறொரு தகராறு இருந்தது. ஆங்கிலேயர் ஃபாக்லாந்து என்பார்கள். ஆகவே தீர்ப்பை எழுதும் பொறுப்பு சர்வதேச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளிடம் போனது. பிரிட்டன், பிரான்ஸ், ஸ்வீடன், நைஜீரியா, அமெரிக்கா என்று ஐந்து நாட்டவர். பழைய வரைபடங்கள், மாலுமிகளின் குறிப்புகள், கடிதங்கள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்கள். 1977 மே 2 அன்று தீர்ப்பு வெளியானது. மூன்று தீவுகளும் சிலிக்கு.

ஐந்து நீதிபதிகள். ஆறு ஆண்டு உழைப்பு. சட்டப்படி குறை சொல்ல முடியாத முறை. என்ன நடந்தது? 1978 ஜனவரி 25 அன்று அர்ஜென்டினா அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவித்துவிட்டது.

ஏன்? அவர்களுக்கு நியாய உணர்வே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எளிது. ஆனால் அது பாதி உண்மைதான். நீதிபதிகளிடம் கேட்கப்பட்ட கேள்வி, தீவுகள் யாருடையவை என்பது. அர்ஜென்டினாவை உறங்கவிடாமல் செய்த அச்சமோ வேறு. அந்தக் காலத்தில்தான் கடல் சட்டம் மாறிக்கொண்டிருந்தது. நிலம் யாருடையதோ அதிலிருந்து 200 கடல் மைல் வரைக்கும் மீனும் கனிமமும் அவருடையவை என்ற வழக்கம் உருவாகிக்கொண்டிருந்தது. மூன்று குட்டித் தீவுகள் சிலிக்குப் போனால், சிலி அட்லாண்டிக் கடலுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சிலிக்குப் பசிபிக், அர்ஜென்டினாவுக்கு அட்லாண்டிக் என்பதை அர்ஜென்டினர்கள் பாலபாடமாகப் படித்து வளர்ந்தவர்கள். சிலியின் அச்சமும் வேறுதான். கையெழுத்திட்ட உடன்படிக்கையும் வென்ற தீர்ப்பும் இந்த மூலையில் செல்லாது என்றால், 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மற்ற எல்லை மட்டும் எப்படிச் செல்லும்?

ஒருவர் கடலுக்காகப் பயப்படுகிறார். மற்றவர் பத்திரத்துக்காகப் பயப்படுகிறார். தீர்ப்போ தீவைப் பற்றிப் பேசியது.

அதற்குள் இரண்டு நாடுகளிலும் ஆட்சி இராணுவத்தின் கைக்குப் போய்விட்டது. சிலியில் பினோசே, அர்ஜென்டினாவில் அதிபர் விடேலாவும் இராணுவக் குழுவும். தம் சொந்த மக்களையே கடத்திக் கொன்ற ஆட்சிகள் அவை. பினோசேயும் விடேலாவும் சந்தித்துப் பேசினார்கள். கூட்டுக் குழுக்கள் பேசின. ஒன்றும் நடக்கவில்லை. எல்லையில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. சிலி அக்காலத்தில் தன் எல்லைகளில் புதைத்த கண்ணிவெடிகளை எடுத்து முடித்தது எப்போது தெரியுமா? 2020-ல்.

1978 டிசம்பர் 12. சிலியின் வெளியுறவு அமைச்சர் குபில்லோஸ் புவனோஸ் ஐரஸ் வந்தார். அர்ஜென்டின அமைச்சர் பாஸ்டரோடு பேசினார். போப்பாண்டவரை நடுவராக ஏற்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அன்றே அர்ஜென்டின இராணுவக் குழு, தன் அதிபருக்கே அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் ரத்து செய்தது. அதிபர் ஒப்புக்கொள்கிறார், தளபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை! சமரசம் பேசப் போகிறவர்களுக்கு எப்போதும் இருக்கும் தலைவலி இது. யாரிடம் பேசினால் முடிவு கிடைக்கும் என்பதே தெரியாது.

படையெடுப்புத் திட்டம் தயாராக இருந்தது. ‘இறையாண்மை நடவடிக்கை’ என்று பெயர். நாள் டிசம்பர் 22. அர்ஜென்டினக் கப்பற்படை தெற்கே போனது. சிலியின் கப்பற்படை எதிர்பார்த்து நின்றது. தரையில், மலைக் கணவாய்களில், படைகள் குவிந்தன. வீட்டுக்குக் கடைசிக் கடிதம் எழுதிவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பலருக்கும் இருபது வயதுகூட ஆகியிருக்காது, இங்கே பின்வரிசையில் நிற்கும் தம்பிகளின் வயதுதான். அந்த நேரத்தில் தென்கடலில் கடும் புயல் எழுந்தது. கப்பல்கள் தாமதித்தன. அந்தச் சில மணி நேரத்துக்குள் ரோமிலிருந்து செய்தி வந்தது. என் சொந்தத் தூதரை அனுப்புகிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று போப் இரண்டாம் ஜான் பால் கேட்கிறார். அவர் போப்பாகி அப்போது இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. இரண்டு நாடுகளும் ஏற்றுக்கொண்டன. கப்பல்கள் திரும்பின.

டிசம்பர் 26. புவனோஸ் ஐரஸ் விமான நிலையத்தில் ஒருவர் வந்து இறங்கினார். கர்தினால் அந்தோனியோ சமோரே. வயது 73. வத்திக்கானின் நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் பொறுப்பாளராக இருந்தவர். இந்த நூலக அரங்கில் நின்று அதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பழைய தாள்களைப் பொறுமையாகப் படித்துப் பழகிய ஒரு மனிதரைத்தான் அன்று போர்க்களத்துக்கு அனுப்பினார்கள்.

அவர் என்ன செய்தார்? தீவு யாருக்கு என்று பேசினாரா? இல்லை. இரண்டு வாரம் புவனோஸ் ஐரஸுக்கும் சான்டியாகோவுக்கும் மாறி மாறிப் பறந்தார். கேட்டது ஒன்றே ஒன்று. பேசிக்கொண்டிருக்கும் வரைக்கும் அடிக்காமல் இருப்பீர்களா? 1979 ஜனவரி 8 அன்று உருகுவேயின் தலைநகர் மான்டிவிடியோவில் இரண்டு நாடுகளும் கையெழுத்திட்டன. போப்பை நடுவராக வேண்டுகிறோம். படைபலத்தைப் பயன்படுத்த மாட்டோம். படைகளை 1977 தொடக்கத்தில் இருந்த நிலைக்குப் பின்வாங்குவோம். அவ்வளவுதான். தீவைப் பற்றி ஒரு முடிவும் இல்லை.

இதென்ன சாதனை என்று யாருக்காவது தோன்றலாம். எங்கள் ஊரில் வரப்புத் தகராறு என்றால் என் தாத்தாவிடம் வருவார்கள். அண்ணனைத் திண்ணையில் உட்கார வைப்பார். தம்பியைப் பின்கட்டுக் கிணற்றடிக்கு அனுப்பி மோர் கொடுக்கச் சொல்வார். இருவரையும் எதிரெதிரே உட்கார வைக்கவே மாட்டார். இருவர் சொல்வதையும் தனித்தனியாக முழுக்கக் கேட்டுவிட்டு, “இப்ப எதுக்குப்பா, அறுப்பு முடியட்டும், பார்த்துக்கலாம்” என்பார். சிறுவனாக இருந்த எனக்கு அது தட்டிக்கழிப்பதாகவே பட்டது. சமோரேயைப் பற்றிப் படித்தபோதுதான் தாத்தா என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கியது. அவர் காலத்தை வாங்கிக்கொண்டிருந்தார். அரிவாளை ஓங்கியவனுக்கு அதைக் கீழே வைக்க ஒரு காரணம் வேண்டும். எதிரி சொல்லி வைத்தால் அவமானம். பெரியவர் சொன்னார் என்று வைத்தால் அவமானம் இல்லை. இரண்டு சர்வாதிகாரிகளும் சாதாரண நாட்டின் சொல்லுக்குப் பின்வாங்கியிருக்க மாட்டார்கள். போப்பின் சொல்லுக்குப் பின்வாங்கினால் அவர்கள் நாட்டில் யாரும் கோழை என்று சொல்ல முடியாது. நடுவரைத் தேர்ந்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன!

வத்திக்கானில் பேச்சு தொடங்கியது. சமோரே முதலில் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். இரு தரப்பையும் தனித்தனியாக. எந்த எந்தப் புள்ளியில் இருவரும் ஏற்கெனவே ஒத்துப்போகிறார்கள் என்று எழுதிவைத்தார். 1980 டிசம்பர் 12 அன்று போப் தம் யோசனையைக் கொடுத்தார். தீவுகள் சிலிக்கு. கடலில் இருவரும் பங்கிட்டு அனுபவிக்க ஒரு பகுதி. சிலி ஏற்றுக்கொண்டது. அர்ஜென்டினா ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஐயங்களை மட்டும் எழுதி அனுப்பியது.

1981-ல் ஒற்றர்கள் என்று சொல்லி இரு பக்கமும் ஆட்களைக் கைது செய்தார்கள். அர்ஜென்டினா எல்லையையே மூடிவிட்டது. 1982-ல் அதே அர்ஜென்டின இராணுவ ஆட்சி மால்வினாஸுக்குப் படை அனுப்பியது. பிரிட்டனோடு போர். ஏப்ரல் தொடங்கி ஜூன் நடுவில் முடிந்தது. அர்ஜென்டினாவின் 649 பேரும் பிரிட்டனின் 255 பேரும் மாண்டார்கள். பீகிளில் நடுவர் இருந்தார், அங்கே ஒரு சவப்பெட்டியும் இறங்கவில்லை. மால்வினாஸில் யாரும் சமரசத்துக்கு முயலவில்லையா? முயன்றார்கள். அமெரிக்க அமைச்சர் ஹேக் பறந்து பறந்து பேசினார். பெரு நாட்டு அதிபர் பெலாவுண்டே முயன்றார். ஐ.நா. பொதுச்செயலாளர் முயன்றார். ஆனால் அவர்கள் எல்லோரும் வந்தது கப்பல் கரையைத் தொட்ட பிறகு. படை இறங்கிய பின் வரும் நடுவருக்கும், இறங்கும் முன் வரும் நடுவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டு தீவுக்கதைகளும் அடுத்தடுத்து நமக்குக் காட்டுகின்றன.

1983 பிப்ரவரி 3 அன்று கர்தினால் சமோரே ரோமில் காலமானார். உடன்படிக்கை இல்லை. கையெழுத்து இல்லை. நான்கு ஆண்டு உழைத்துவிட்டு, முடிவைக் காணாமலே போனார். அந்த வாரம் யாராவது இந்தப் பேச்சுவார்த்தையைப் பற்றிக் கேட்டிருந்தால் தோல்வி என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த நான்கு ஆண்டும் ஒரு குண்டு வெடித்ததா? அர்ஜென்டினா பதில் சொல்லாமல் இழுத்தடித்தது உண்மை. பேச்சுவார்த்தை மேசை இருந்ததால்தான் இழுத்தடிக்க ஓர் இடம் கிடைத்தது. மேசை இல்லையென்றால் அந்தப் பிடிவாதம் வேறு எங்கே போய் நின்றிருக்கும்?

காலம் தன் வேலையைச் செய்தது. மால்வினாஸ் தோல்வியில் இராணுவ ஆட்சி சரிந்தது. 1983 டிசம்பரில் மக்கள் தேர்ந்தெடுத்த ராவுல் அல்போன்சின் அதிபரானார். முடித்துவிட வேண்டும் என்ற உறுதியோடு வந்தவர் அவர். சமோரே விட்ட இடத்திலிருந்து வத்திக்கானின் கர்தினால் கசரோலி தொடர்ந்தார். போப் சொன்ன பொதுக் கடல் பகுதியை இப்போது இரண்டு பக்கமும் விரும்பவில்லை. சரி, வேண்டாம் என்று வத்திக்கான் விட்டுவிட்டது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். தன் யோசனைதான் நிலைக்க வேண்டும் என்ற ஆசை நடுவருக்கு வந்துவிட்டால் அவரும் ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுகிறார்.

அல்போன்சின் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். உடன்படிக்கையை மக்களிடமே கொண்டுபோனார். தெருவுக்குத் தெரு வாதம் நடந்தது. தொலைக்காட்சியில் வெளியுறவு அமைச்சர் தாந்தே கபுத்தோவும் எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஸாதியும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். நாடே பார்த்தது. 1984 நவம்பர் 25 அன்று வாக்கெடுப்பு. 80 விழுக்காட்டுக்கு மேல் ‘சரி’ என்று வாக்களித்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவுகளுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக நின்ற அதே நாடு! நவம்பர் 29 அன்று வத்திக்கானில் கையெழுத்தானது. பிறகு அர்ஜென்டின செனட் சபையில் வாக்கெடுப்பு. ஆதரவு 23. எதிர்ப்பு 22. ஒரே ஒரு வாக்கு. 1985 மே 2 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. நாளைக் கவனித்தீர்களா? தீர்ப்பு வெளியான அதே மே 2, சரியாக எட்டு ஆண்டுகள் கழித்து.

உடன்படிக்கையில் என்ன இருந்தது? தீவுகள் மூன்றும் சிலிக்கு. தீர்ப்பு சொன்னதேதான். ஆனால் அந்தத் தீவுகளைக் காட்டி அட்லாண்டிக்கில் 200 மைல் கேட்க முடியாது. அர்ஜென்டினாவுக்கு எதிராக அவற்றின் கடல் 3 மைலோடு நின்றுவிடும். அதற்கு வெளியே உள்ள கடலின் பெரும்பகுதி அர்ஜென்டினாவுக்கு. இனி எந்தத் தகராறு வந்தாலும் முதலில் பேச்சு, பிறகு சமரசக் குழு, பிறகு நடுவர் தீர்ப்பு என்று படிப்படியாக வழியும் எழுதிவைத்தார்கள். நிலத்தையும் நீரையும் பிரித்துப் பார்த்தார்கள். கிணறு அண்ணன் பங்கில் விழுந்தால் தம்பிக்கு முறைத்தண்ணீர் எழுதிவைப்போம் அல்லவா, அந்தக் கணக்கு. நீதிபதிகளுக்கு இப்படி எழுத அதிகாரம் இல்லை. கேட்ட கேள்விக்குத்தான் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். நடுவர் கேள்வியையே மாற்றிக் கேட்கலாம்.

இதற்கு இன்னொரு சான்று, சுருக்கமாக. பெருவும் ஈக்வடாரும். கொண்டோர் மலைத்தொடரில் 78 கிலோமீட்டர் எல்லை, கல் நடாமல் கிடந்தது. 1942-ல் ரியோவில் செய்த உடன்படிக்கைக்கு அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா, சிலி ஆகிய நான்கு நாடுகள் பொறுப்பாளிகள். காட்டுக்குள் செனெப்பா என்ற ஆறு நினைத்ததைவிட நீளம் என்பது பின்னால் வானிலிருந்து படம் எடுத்தபோதுதான் தெரிந்தது. அப்படியானால் உடன்படிக்கையில் எழுதிய எல்லை பொருந்தாது என்றது ஈக்வடார். 1981-ல் மோதல். 1995-ல் மறுபடியும் போர். ஈக்வடார் வீரர்கள் திவின்சா என்ற இடத்தைப் பிடித்து நின்று போரிட்டார்கள். அது அவர்களுக்குப் புனித பூமி ஆகிவிட்டது. பெருவோ ஓர் அங்குலமும் தராது. நான்கு நாடுகளும் என்ன செய்தன? இரண்டு நாடாளுமன்றங்களும், நீங்கள் என்ன சொன்னாலும் ஏற்கிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் செய்தன. பிறகு 1998-ல் சொன்ன முடிவு இது. எல்லை பெரு கேட்டபடி. திவின்சாவில் ஒரு சதுர கிலோமீட்டர் மட்டும் ஈக்வடாருக்குச் சொந்தம். எப்படிச் சொந்தம்? வீட்டு மனை ஒருவருக்குச் சொந்தம் என்கிறோமே, அப்படி. நாடு பெருவினுடையது, மனை ஈக்வடாருடையது. இறையாண்மை இல்லை. ஆனால் தங்கள் பிள்ளைகள் போரிட்ட மண் தங்களுடையது. அக்டோபர் 26 அன்று பிரேசிலியாவில் பெரு அதிபர் ஃபுஜிமோரியும் ஈக்வடார் அதிபர் மஹுவாத்தும் கையெழுத்திட்டார்கள். எல்லையின் இரு பக்கமும் உள்ள காடுகள் காக்கப்பட்ட பூங்காக்களாயின.

நண்பர்களே, இந்த இரண்டு இடங்களிலும் சட்டம் தேவையில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1977-ன் தீர்ப்பு இல்லாதிருந்தால் போப்பின் யோசனைக்கு நிற்க ஒரு தரை இருந்திருக்காது. நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1965-ல் கட்ச் ரண் பகுதியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் நடுவில் நின்று போர்நிறுத்தம் செய்தார். வழக்கு மூவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. 1968-ல் தீர்ப்பு வந்தது. பாகிஸ்தான் கேட்டதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதற்குக் கிடைத்தது. நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் இந்தியா தன் சொல்லைக் காத்தது. தீர்ப்பு அப்படியே நிறைவேறியது. நான் கேட்பது, தீர்ப்பை ஏற்கத் தயாராக இல்லாதவரிடம் தீர்ப்பை நீட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்பதுதான். யாராவது ஒருவர் இரண்டாம் முறை போய்க் கதவைத் தட்ட வேண்டாமா? மூன்றாம் முறை? முப்பதாம் முறை?

சமோரே தட்டினார். 1978-ல் அர்ஜென்டினப் படைகள் கடந்து போவதற்காகக் குறித்துவைத்திருந்த ஆண்டீஸ் கணவாய்களில் புயேஹுவே என்று ஒன்று உண்டு. அர்ஜென்டினாவின் பாரிலோச்சே பக்கத்திலிருந்து சிலியின் ஒசோர்னோ நகருக்குப் போகும் வழி. சுற்றிலும் எரிமலைகளும் ஏரிகளும் அடர்ந்த காடும். அந்தக் கணவாய்க்கு இப்போது கர்தினால் அந்தோனியோ சமோரே கணவாய் என்று பெயர். கோடைக்காலத்தில் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. சரக்கு லாரிகள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போகும் குடும்பங்கள், முதுகில் மூட்டையோடு மாணவர்கள். சுங்கச் சாவடியில் தாளை நீட்டி முத்திரை வாங்கிக்கொண்டு அவர்கள் மறுபக்கம் இறங்குகிறார்கள்.